ஓட்டம் நிற்கக் கூடாது

என் காருக்குச் சத்தம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே அதுதான் தகராறு.

கோலசிலாங்கூரில் வாகன பூசை போட்டபோது நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, "ஸ்டார்ட் பண்ணுங்கம்மா" என்றார் ஐயர். பண்ணினேன். அவர் காத்திருந்தார். கூட்டமும் காத்திருந்தது. "பண்ணுங்கம்மா, நேரம் போகுது" என்றார். பண்ணியாயிற்று சாமி என்றேன். "சத்தமே காணோமே" என்று என் கணவர் சிவானந்தம் ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பொத்தானை அழுத்த, கிளம்பத் தயாராக இருந்த கார் அணைந்துபோனது. மறுபடி நான் அழுத்தினேன், மறுபடி அவர் அழுத்தினார். எலுமிச்சம்பழம் நசுங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்றைக்கே அதற்கு ஊமைக் கார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவர் லோகேஸ்வரன் மாமா, என் கணவருக்குத் தாய்மாமன், எங்கள் கோயில் கமிட்டியின் தலைவர். எந்தக் கூட்டத்திலும் முதலில் வாய் திறப்பவர் அவர்தான், கடைசியில் மூடுபவரும் அவர்தான்.

அது ஹைப்ரிட் கார். ஜப்பானில் கொஞ்ச காலம் ஓடிவிட்டு இங்கே மலேசியாவுக்கு வந்த பழைய ரகம். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, பேட்டரியும் உண்டு. மெதுவாகப் போகும்போதும் சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் எஞ்சின் தானாகத் தூங்கிவிடும், பேட்டரி வேலை பார்க்கும். எனக்குத் தொழிலே கார் ஓட்டுவதுதான். அசாம் ஜாவாவிலிருந்து மின்மினிப்பூச்சி பார்க்க வருகிறவர்களை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோவேன், ஜெராமுக்கு மீன் சாப்பிடப் போகிறவர்களை ஏற்றிக்கொள்வேன், தோட்டத்துச் சனங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். நின்று நின்று போகிற இந்த மாதிரி ஓட்டத்துக்கு அந்தக் காரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு டாங்கியை நிரப்பினால் நான் மறந்தே போகும் அளவுக்கு ஓடும். அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு, மறைக்கவும் மாட்டேன்.

இனி சாமி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் செம்பனைத் தோட்டத்து மூன்றாம் டிவிஷனில், சாலை ஓரமாக ஒரு முனியாண்டி இருந்தார். சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று அவர் கோயிலை எடுத்துவிட்டார்கள். குத்தகைக்காரர் அனுப்பிய மண்வாரி இயந்திரம்தான் எடுத்தது, அந்த இயந்திரத்தை ஓட்டியவர் என் கணவர். அவர் போகாவிட்டால் வேறொருவர் போயிருப்பார் என்று ஊரே அவரிடம் சொல்லியிருக்கிறது. அவர் காதில் ஏறவில்லை. அதிலிருந்து எந்தக் கோயிலுக்குப் போனாலும் செருப்பு விடுகிற இடத்தோடு நின்றுவிடுவார். திருநீறு வேண்டுமென்றால் நான்தான் கொண்டுவந்து பூசிவிட வேண்டும். எங்கள் மகள் நித்தியாவின் கல்யாணத்தில்கூட மண்டபத்துச் சாமி படத்துக்கு முன்னால் அவர் வரவில்லை. அந்த மனிதரை அப்படிப் பார்ப்பது எனக்குப் பொறுக்கவே இல்லை.

இப்போது தோட்டத்து எல்லையில் ஒரு மூலை இடம் கிடைத்து, பீடமும் கட்டியாகிவிட்டது. பீடத்துக்கு மண் வேண்டும். பழைய இடத்து மண் மேல் தார் போட்டுவிட்டார்கள். ஆனால் ஒரு காலத்தில் எங்கள் டிவிஷனிலிருந்து வடக்கே கெடா மாநிலத்துக்கு வேலை மாறிப் போன குடும்பங்கள், போகும்போது எங்கள் முனியாண்டியிடமிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துப்போய், சுங்கை பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கோயில் எழுப்பியிருந்தார்கள். அங்கிருந்து பிடிமண் கேட்டோம். தருகிறோம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை: பிடிமண் ஒரு தடவைதான். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் மறுபடி வந்து கை நீட்டக் கூடாது.

லோகேஸ்வரன் மாமாவின் பிக்கப் வண்டியில் போவதாக ஏற்பாடு. முதல் நாள் அதன் கியர் பாக்ஸ் பல்லைக் காட்டிவிட்டது. "என் காரில் போகலாம்" என்றேன் கோயில் கமிட்டிக் கூட்டத்தில்.

"அந்த ஊமைக் காரா?" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்க கையால போன சாமி, எங்க கையாலயே வரட்டும்" என்றேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் வாசலுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் கிளம்பினோம். பின்சீட்டில் மாமா. முன்னால் என் பக்கத்தில் மவுரீன். அவள் என் பக்கத்து வீட்டுக்காரி, என்னைப் போலவே கார் ஓட்டுகிறவள், தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். எனக்குக் கை வலித்தால் மாற்றி ஓட்டுவதற்காக வந்தாள். அசாம் ஜாவாவில் பெட்ரோல் ஊற்றி டாங்கியை முழுசாக நிரப்பினேன். இந்த எண்ணெயில் இன்னும் எண்ணூற்று ஐம்பது கிலோமீட்டர் போகலாம் என்று திரை காட்டியது. போக வர எழுநூறுகூட வராது. "பாத்தீங்களா மாமா, வழியில எண்ணெயே ஊத்த வேணாம்" என்று பீற்றிக்கொண்டேன்.

அந்த எண்ணூற்று ஐம்பதை நம்பியதுதான் தப்பு. அது வானத்திலிருந்து வருவதில்லை. கடைசியாக எப்படி ஓட்டினேனோ அதை வைத்துக் கார் போடும் கணக்கு அது. நான் ஓட்டியதெல்லாம் ஊருக்குள். எஞ்சின் பாதி நேரம் தூங்கிக்கொண்டே போன ஓட்டம். நெடுஞ்சாலையில் தூக்கம் ஏது? நூற்றுப் பத்தில் போனால் எஞ்சின் முழுக்க உழைக்கும், காற்று வேறு எதிர்த்துத் தள்ளும். மற்ற கார்கள் நெடுஞ்சாலையில் சிக்கனம், ஊருக்குள் ஊதாரி. என் கார் தலைகீழ். ஈப்போவைத் தாண்டி மலை ஏறும்போதே, போன தூரத்தைவிடத் திரையில் எண் வேகமாக இறங்குவதைப் பார்த்தேன்.

"அக்கா, ரேஞ்ச் ரொம்ப ட்ராப் ஆவுது லா" என்றாள் மவுரீன்.

"திரும்பும்போது ஊத்திக்கலாம்" என்றேன்.

திரும்பும்போது ஊற்ற முடியாது என்பது எனக்குத் தெரியாமல் போனது. அதைச் சொன்னவர் கெடா கோயில் பூசாரி. நாங்கள் போய் இறங்கிய கையோடு, நல்ல நேரம் முடியப் போகிறது என்று அவர் மண்ணை எடுத்துச் செம்பில் போட்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டி, வேப்பிலை செருகி மாமாவின் கையில் கொடுத்துவிட்டார். சாப்பிடக்கூட விடவில்லை.

"மண்ணு மடியில ஏறிருச்சு. இனி கீழ வைக்கக் கூடாது. ஊரு போற வரைக்கும் ஓட்டம் நிக்கக் கூடாது. நின்னா, அந்த எடத்தை அது கேக்குதுன்னு அர்த்தம். அங்கயே எறக்கிரணும்" என்றார்.

"லோரி காலத்துல எங்க அப்பா சொல்வாரு, அதே சட்டம்தான். எஞ்சின் அணையவே கூடாது" என்று மாமா தலையாட்டினார்.

நான் மவுரீனைப் பார்த்தேன். மவுரீன் என்னைப் பார்த்தாள். பெட்ரோல் ஊற்ற வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். திரையைப் பார்த்தேன். மீதம் நானூறுக்குக் கொஞ்சம் மேல். வீட்டுக்கு முந்நூற்று முப்பது சொச்சம். போதும், தாராளமாகப் போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று தோட்டத்து வாசலிலேயே வந்தது.

தோட்டத்து கேட்டில் காரை மெதுவாக்கினேன். எஞ்சின் வழக்கம்போலத் தூங்கிவிட்டது.

"ஐயோ! நின்னுருச்சு!" என்று மாமா பின்னாலிருந்து அலறினார்.

"நிக்கலை மாமா, தூங்குது."

"சாமி மண்ணை மடியில வச்சிக்கிட்டு என்னா தூக்கம்? எழுப்பு!"

மிதித்தேன். எஞ்சின் உறுமி எழுந்தது. மாமா திரும்பிப் பார்த்தார். பூசாரி இன்னும் கண்ணுக்குத் தெரிந்தார். "பரவாயில்ல, இது இன்னும் கோயில் எல்லைதான். கணக்குல வராது" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். அவர் சட்டத்தை வளைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஒரு நொடிகூட எஞ்சினைத் தூங்க விடுவதில்லை என்று முடிவு செய்தேன். மாமாவுக்குப் பயந்து இல்லை. நாளைக்கு ஒருத்தர், ஒரே ஒருத்தர், "வழியில் அணைந்த மண்தானே இது" என்று என் கணவரின் காதுபட ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அவ்வளவுதான். என் காரில் எழுபதுக்கு மேல் போனால் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் நெடுஞ்சாலையில் கவலையில்லை. மெதுவாகப் போகிற இடங்களில்தான் வித்தை காட்ட வேண்டும். இடது காலால் பிரேக்கை அமுக்கிக்கொண்டு வலது காலால் எண்ணெயை மிதித்தால் எஞ்சின் விழித்திருக்கும். சுங்கச் சாவடிகளில் தடுப்பு தூக்குகிறவரை அப்படித்தான் ஊர்ந்தேன். காசைக் கரியாக்குகிற வித்தை அது. சிக்கனத்துக்கென்று வாங்கிய காரை வைத்துக்கொண்டு அதன் சிக்கனத்தை நானே கழுத்தைப் பிடித்து நெரித்தேன்.

தாப்பாவைத் தாண்டியதும் வந்தது வினை. கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி ஒன்று கவிழ்ந்து, இரண்டு பாதையிலும் கோஸ் உருண்டு கிடந்தது. ஓரமாக ஒற்றை வரிசையில் வண்டிகள் ஊர்ந்தன, கண்ணுக்கெட்டிய தூரம் பிரேக் விளக்குகள். என் கார் இந்த மாதிரி நெரிசலுக்கென்றே பிறந்தது. விட்டால் ஒரு சொட்டு எண்ணெய் செலவில்லாமல் பேட்டரியில் பூனை மாதிரி ஊர்ந்துபோகும். விட முடியாது. இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். எஞ்சின் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்துக் காரிலிருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"அக்கா, பேட்டரி ஃபுல். அதுக்கு மேல ஏத்த எடமில்ல. சும்மா எரியுது" என்றாள் மவுரீன். பிறகு பின்னால் திரும்பினாள். "அங்கிள், கொஞ்ச நேரம் எஞ்சினைத் தூங்க விடலாமே? கார் நகர்ந்துகிட்டுத்தானே இருக்கும்?"

"ஒனக்குப் புரியாது தங்கச்சி."

"எனக்குப் புரியாது, சரி. எண்ணெ தீர்ந்தா யாருக்குப் புரியணும்?"

 ஏர்கோனை அணைத்துவிட்டேன், ஜன்னல்களை இறக்கினேன். வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. மாமாவின் வேட்டி சட்டையெல்லாம் நனைந்துவிட்டது, ஆனால் செம்பை இரண்டு கையாலும் பிடித்த பிடியை அவர் தளர்த்தவில்லை. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியபோது மவுரீன்தான் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். அந்த மனிதரிடம் எனக்குக் கோபம் நிறைய உண்டு. அந்தப் பிடியில் மட்டும் குறை சொல்ல முடியாது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மெதுவாகச் சொன்னார்: "திலகா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. ஒம் புருஷன் தள்ளின கோயிலு. ஒன் கார்ல வருது. நடு ரோட்டுல நின்னுச்சுன்னு வையி, சனம் என்னா பேசும்னு தெரியும்ல? சாமி அவன் வீட்டு வண்டியில வர இஷ்டப்படலைன்னு பேசும்."

எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடியில் அவரை நேராகப் பார்த்தேன். "அதுக்குத்தான் மாமா நிக்காம ஓட்டுறேன்" என்றேன். இரண்டு காலாலும் இன்னும் அழுத்தி மிதித்தேன். 

கோஸை ஒதுக்கி ஒரு பாதை திறந்தபோது, திரை காட்டிய கிலோமீட்டரைவிட வீடு தூரமாகிவிட்டிருந்தது. 

இனி நூற்றுப் பத்து கிடையாது. வேகம் கூடக் கூடக் காற்றுக்கும் சேர்த்து எண்ணெய் ஊற்றுகிறோம் என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். எண்பதுக்குக் குறைத்து, இடது பாதையில் ஒரு செம்பனை எண்ணெய் டாங்கர் லோரிக்குப் பின்னால் இடைவெளி விட்டுப் போனேன். கார் அசையும்போதெல்லாம் காலை இறகு மாதிரி வைத்தேன். ஏற்றத்தில் அவசரப்படவில்லை. இறக்கத்தில் எழுபதுக்குக் கீழே விழாமல் பார்த்துக்கொண்டேன். பேருந்துகள் சர்சர் என்று முந்தின. ஓய்வு நிலையங்களில் பெட்ரோல் பம்புகள் கூப்பிடு தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தன. அவற்றைப் பார்க்காமல் இருப்பதே பெரிய வேலையாக இருந்தது.

தஞ்சோங் மாலிம் தாண்டி, எண்ணெய் தீரப்போகிறது என்று திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. செரண்டா பக்கம் வரும்போது மவுரீன் அங்கே தொழிற்சாலையில் வேலை செய்யும் தன் அண்ணன் டெஸ்மண்டைக் கூப்பிட்டாள். மோட்டார் சைக்கிளில் எண்ணெய் டின்னோடு வருகிறேன் என்றார் அவர். ஓடுகிற காரில் எப்படி ஊற்றுவது என்று கேட்டதும், "ஜெபம் பண்றேன்" என்று வைத்துவிட்டார்.

"அதையும் பண்ணச் சொல்லு" என்றார் மாமா.

ரவாங்கில் பெரிய நெடுஞ்சாலையை விட்டு லதார் சாலைக்குத் திரும்பினோம். திரையில் எண்ணே இல்லை இப்போது, வெறும் கோடுகள். சூரியன் நேராக என் முகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. "அவரைக் கூப்பிடு" என்றேன் மவுரீனிடம். அவள் போன் போட்டு என் காதருகே பிடித்தாள்.

"என்னங்க, எண்ணெ தீரப்போவுது. அசாம் ஜாவா சிவப்பு விளக்குல நான் நிக்க முடியாது. நின்னா எல்லாம் போச்சு."

 "நிக்காத. வா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கடைசிச் சாவடியைத் தாண்டிச் சரிவில் இறங்கும்போது கார் ஒரு குலுக்குக் குலுக்கியது. இன்னொரு குலுக்கு. திரையில் எனக்குத் தெரிந்த விளக்கும் தெரியாத விளக்கும் சிவப்பாக எரிந்தன. பிறகு எஞ்சின் போய்விட்டது.

காலையிலிருந்து காதில் ஒட்டியிருந்த சத்தம் போனதும் காருக்குள் பயங்கரமான அமைதி. சக்கரம் தாரில் உருள்கிற சத்தம் மட்டும் கேட்டது. கார் ஓடிக்கொண்டிருந்தது. நெரிசலில் நான் இரண்டு காலால் மிதித்து வீணாக்கியதாக நினைத்த எண்ணெயில் ஒரு பங்கு பேட்டரியில் போய் உட்கார்ந்திருந்தது. அது மெதுவாக எங்களை இழுத்துக்கொண்டு போனது.

 பொய் சொல்ல மனம் வரவில்லை. "மாமா, எஞ்சின் நின்னுருச்சு. இது தூக்கமில்ல. எண்ணெ தீர்ந்துருச்சு. எறக்கணும்னா சொல்லுங்க, ஓரமா விடுறேன்" என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு கார் கழுவும் கடை, பிறகு ஒரு கால்வாய், அதற்கப்பால் செம்பனை. மடியிலிருந்த செம்பைப் பார்த்தார். வேப்பிலை வாடிச் சுருண்டிருந்தது. நாள் முழுக்க அவர் கூடவே வந்த அந்த மண் எங்கே இறங்க ஆசைப்படுகிறது என்று அதனிடமே கேட்கிறவர் போல இருந்தார்.

"பூசாரி என்னான்னு சொன்னாரு?" என்று கேட்டார்.

"ஓட்டம் நிக்கக் கூடாதுன்னாரு."

"எஞ்சின்னு சொன்னாரா?"

"இல்ல மாமா. அதை நீங்கதான் சொன்னீங்க."

"நான் சொல்றதையெல்லாம் கேக்கணும்னு இருக்கா? ஓட்டும்மா. ஓட்டம் நிக்கல, ஓட்டு!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மவுரீன் முன்னால் கையைக் காட்டிக் கத்தினாள். சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

வேலைத்தலத்தில் இயந்திரம் பின்னால் வரும்போது வண்டிகளை மறிக்கிற சிவப்புக் கொடி அவர் கையில் இருந்தது. குறுக்கே வந்த மணல் லோரி ஹார்ன் அடித்தது. அவர் நகரவில்லை. ஒரு கையால் கொடியை லோரிக்கு நேராக நீட்டிக்கொண்டு, மறு கையால் என்னை வா வா என்று அழைத்தார். கூட்டத்துக்கு முன்னால் வந்து நிற்காத மனிதர் நடுச் சந்தியில், அத்தனை வண்டிகளுக்கும் முன்னால் நின்றார். நான் பிரேக்கைத் தொடவே இல்லை. அவரை உரசுகிற மாதிரி கடந்து தோட்டத்துச் சாலையில் திரும்பினேன். அவர் தன் மோட்டாரில் ஏறிப் பின்னால் வந்தார்.

செம்மண் சாலை. பீடம் கண்ணுக்குத் தெரிந்தது. சாமியானா, வாழைமரம், உறுமிக்காரர்கள், சனங்கள். எல்லோரும் பெரிய சாலையின் பக்கமே காதை வைத்துக்கொண்டு எஞ்சின் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். நாங்கள் வருவது யாருக்கும் கேட்கவில்லை. ஒரு சின்னப் பெண்தான் முதலில் பார்த்துக் கத்தினாள். அதற்குள் பேட்டரியின் கடைசிக் கட்டம் சிவந்துவிட்டது. கால்வாய்ப் பாலத்தின் சின்ன மேட்டில் கார் மூச்சு வாங்கியது. வேகம் குறைந்தது, நடக்கிற வேகம், அதற்கும் கீழே.

"என்னங்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். "நிக்கப் போவுது!"

மோட்டாரைப் போட்டது போட்டபடி அவர் ஓடி வந்தார். நான் கியரை நியூட்ரலில் தள்ளினேன். கார் நிற்கும் முன், கடைசி அங்குலத்தில், பின்னால் அவர் தோள் வந்து முட்டியது. கார் நகர்ந்தது. பையன்கள் நாலைந்து பேர் கைகொடுக்க ஓடி வந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் குரல் அவ்வளவு பெரியது என்று கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியாது.

கண்ணாடியில் அவர் தலை மட்டும் தெரிந்தது. குனிந்து, பல்லைக் கடித்து, செம்மண்ணில் கால் வழுக்க வழுக்கத் தள்ளினார். மேடு தாண்டியது. சனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். உறுமி அடிக்கவும் மறந்துவிட்டார்கள். அவர் மூச்சு இரைப்பது மட்டும் கேட்டது. பீடத்துக்கு நேராக வந்ததும் பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. கெடாவிலிருந்து கிளம்பிய பிறகு முதல் தடவையாக என் கால் இரண்டையும் எடுத்துத் தரையில் வைத்தேன்.

மாமா இறங்கவில்லை. கமிட்டி ஆட்கள் கதவைத் திறந்து கை நீட்டினார்கள். "நீங்க இல்ல. அவன் எங்க?" என்றார்.

என் கணவர் அதற்குள் போய்விட்டிருந்தார். கூட்டத்துக்குப் பின்னால், செருப்புகள் கிடக்கிற இடத்தில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கொண்டுவந்தார்கள். கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். கையெல்லாம் புழுதி.

"கையைக் கழுவிட்டு வந்துர்றேன் மாமா."

"வேணாம், அதுவும் மண்ணுதான்" என்றார் மாமா.

"மாமா, நான் போய் எப்படி மாமா..." என்று இழுத்தார்.  எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

லோகேஸ்வரன் மாமா காலையிலிருந்து ஒரு தடவைகூட விடாத அந்தச் செம்பை அவர் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்கவைத்தார்.

"ஓட்டம் இங்கதான்டா நின்னுருக்கு" என்றார். "எறக்கு."